லோரி, கட்டை, மணல்: தாஸ்காவில் கட்டுமான விளையாட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர், செந்தூல் பக்கம் ஒரு வரிசை வீட்டில் நடக்கும் தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு மையத்தில்), ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம். ‘வாகனங்களும் கட்டட வேலையும்’ என்று ஒரு தலைப்பை எடுத்தால் போதும், புதிதாகச் சேர்ந்த டீச்சர்களும் பெற்றோரும் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். அடிக்கடி வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாத் தாஸ்காவுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை; உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கட்டட வேலையைப் பற்றி என்ன தெரியும்?

கட்டடம் தெரியாது, வேலை தெரியும். இந்த வயதில் அள்ளுவது, சுமப்பது, கொட்டுவது, மறுபடியும் அள்ளுவது, இதுதான் நாள் முழுக்க. மரக்கட்டைகளைக் கொடுத்தால் அடுக்காது. கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிவரும், பிறகு சமையலறை வாசலில் கொட்டிவிட்டுப் போய்விடும். புதிய டீச்சர்கள் இதைப் பார்த்து, “இவனுக்கு இன்னும் விளையாடத் தெரியவில்லை” என்பார்கள். அவன் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் சிறு பிள்ளைகளின் கட்டை விளையாட்டைக் கூர்ந்து கவனித்த ஹேரியட் ஜான்சன்கூட, சுமந்து திரிவதைத்தான் முதல் படியாக வைத்தார். வரிசையாக வைப்பதும் மேலே அடுக்குவதும் அதற்கப்புறம். பிறகு இரண்டு கட்டைக்கு மேல் ஒன்றைப் பாலமாக வைப்பது, அதன் பிறகு நான்கு பக்கமும் அடைத்து உள்ளே எதையாவது நிறுத்துவது.

ஒன்றரை வயதில் மூன்று நான்கு கட்டைகளை அடுக்கலாம், இரண்டு வயதில் ஆறு, மூன்று வயதில் மூன்று கட்டையால் ஒரு பாலம். இது ஒரு பொதுவான அளவு, முன்னே பின்னே இருக்கும். ஆகவே திட்டத்தில் ‘இன்று இரட்டைக் கோபுரம் கட்டுவோம்’ என்று எழுதாதீர்கள். எழுதினால் டீச்சர் கட்டுவார், பிள்ளைகள் இடிப்பார்கள்.

அப்படியென்றால் திட்டத்தில் என்னதான் எழுதுவது?

வாகனத்தின் பெயரை எழுதாமல் பிள்ளை செய்கிற செயலை எழுதுங்கள். திங்கள் லோரி, செவ்வாய் பஸ், புதன் ரயில், வியாழன் பொம்பா (தீயணைப்பு) வண்டி என்று போடுகிற திட்டம் சுவரில் ஒட்ட அழகாக இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை பஸ்ஸைத் தரையில் விட்டு ஓட்டும், புதன்கிழமை ரயிலையும் அதே மாதிரி ஓட்டும். ‘உருட்டு’, ‘ஏற்று–இறக்கு’, ‘இழு’, ‘அடை’ என்று ஒரு செயலை எடுத்து, அதற்கு ஒன்றரை அல்லது இரண்டு வாரம் கொடுங்கள்.

‘உருட்டு’ என்று வைத்துக்கொள்வோம். தாழ்வான ஒரு முக்காலி மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைக்கிறோம். பக்கத்துக் கூடையில் கார், லோரி, பந்து, துணி உருண்டை, இரண்டு மூன்று மரக்கட்டை. கட்டை உருளாது என்பது நமக்குத் தெரியும், அதற்காகவேதான் வைக்கிறோம். எங்களிடம் இரண்டு வயது தாண்டிய ஒரு பையன் மஞ்சள் லோரியை மேலே வைத்துவிட்டுச் சறுக்கின் அடியில் போய்க் குப்புறப் படுத்தான். கன்னம் தரையில், ஒரு கண் மூடி, லோரி இறங்கி வருவதைச் சக்கரத்தின் மட்டத்திலிருந்து பார்த்தான். பிறகு கட்டையை வைத்தான். வரவில்லை. தள்ளினான், பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, கட்டையை எடுத்து லோரிக்குள் வைத்து விட்டான். கட்டை இறங்கி வந்துவிட்டது! அந்த நேரம் பார்த்து ஒரு டீச்சர் குனிந்து, “தம்பி, இது என்ன கலர்?” என்றார். அவன் எழுந்து போய்விட்டான்.

திட்டத்தின் பாதி வேலை, பேசாமல் இருக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே முடிவு செய்வதுதான். மீதிப் பாதி, வெள்ளிக்கிழமை மாலையில் உட்கார்ந்து அந்த வாரம் யார் என்ன செய்தார்கள் என்று பார்த்து, அடுத்த வாரம் ஒரே ஒரு பொருளை மாற்றுவது. பலகையை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம். அல்லது சறுக்கு முடியும் இடத்தில் ஒரு துண்டை விரிக்கலாம், வண்டி அங்கே மெதுவாகும். மூன்று பொருளை ஒன்றாக மாற்றினால், எது அவர்களை இழுத்தது என்று உங்களுக்கே தெரியாது.

நேரத்தை மட்டும் நறுக்காதீர்கள். காலை உணவுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் தொடர்ந்து கிடைத்தால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு நடவடிக்கை என்று மணி அடித்து மாற்றுகிற இடத்தில், பிள்ளைகள் ஆரம்பித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

குறைவாக வாங்குங்கள், ஆனால் ஒரே மாதிரி வாங்குங்கள். ஐந்து பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஐந்து விதமான வண்டி வைத்தால், எல்லாருக்கும் அந்த ஒரு மண்வாரி வண்டிதான் வேண்டும். பின்பெட்டி சாய்ந்து கொட்டுகிற லோரி மூன்று இருந்தால் பாதிச் சண்டை இல்லை. இரண்டு வயதில் ‘பகிர்ந்து விளையாடு’ என்பது பெரியவர்களின் ஆசை. அந்த வயதுக்கு அது இன்னும் வரவில்லை.

பேட்டரி, பாட்டு, விளக்கு எதுவும் வேண்டாம். பொத்தானை அமுக்கினால் தானே ஓடுகிற கார் பிள்ளையைப் பார்வையாளராக்கிவிடும். மரக்கட்டைக்குப் பணம் செலவழிக்கலாம், அது வீண்போகாது. ஒன்றுக்கு ஒன்று சரி அளவில் பொருந்தும் கட்டைகளாகப் பாருங்கள்: இரண்டு சின்னது சேர்ந்தால் ஒரு பெரியது, இரண்டு பெரியது சேர்ந்தால் ஒரு நீளக்கட்டை. அமெரிக்க ஆசிரியர் கேரலைன் பிராட் நூறு ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்த கட்டைகள் இப்படித்தான் 1:2:4 என்ற கணக்கில் அமைந்தவை, இன்றைக்கும் பாலர்பள்ளிகளில் இருப்பவை அவற்றின் வழிவந்தவைதான். பொருத்திக் கட்டுவதற்கு டூப்லோ அளவு வேண்டும். சாதாரண லேகோவைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அது இரண்டு மடங்கு. சின்னது இந்த வயதுக்கு ஆகாது.

மற்றதெல்லாம் வாங்காமலே கிடைக்கும். மளிகைக் கடையில் கேட்டால் அட்டைப்பெட்டி கொடுப்பார்கள். ஸ்டேபிள் ஊசிகளைப் பிடுங்கிவிட்டு, பெரிய பெட்டியைக் கவிழ்த்தால் சுரங்கம், நிமிர்த்தினால் பஸ். குழாய்க் கடையில் மிஞ்சிய அகலமான பி.வி.சி. குழாய்த் துண்டு, வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால், கார் நுழைந்து வெளியே வர அருமையான பொருள். பால்மாவு டின்னை உருட்டக் கொடுப்பதானால் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, தடித்த டேப் ஒட்டிவிடுங்கள். கட்டுமான இடங்களில் கிடக்கும் பலகைத் துண்டுகளை மட்டும் கொண்டுவராதீர்கள்: ஆணி, சிலாம்பு, மரத்துக்கு அடித்த மருந்து.

மஞ்சள் தொப்பி, ஒளிரும் சட்டை?

மூன்று வயதுக்கு மேல் சரி. அதற்குக் கீழே போட்ட அடுத்த நிமிடம் கழற்றிவிடுவார்கள். பத்துப் பேர் ஒரே தொப்பியைப் போட்டால் பேனும் சேர்ந்து வீட்டுக்குப் போகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாயில் போட்டுவிடுவார்களே, எந்த அளவு பாதுகாப்பு?

மூன்று வயதுக்கு உட்பட்டோரின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சிறு உருளை உண்டு, விட்டம் 31.7 மில்லிமீட்டர். எந்தப் பக்கம் திருப்பியாவது அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் கூடாது. கையில் உருளை இல்லாவிட்டால் கழிவறைத் தாள் சுற்றிவரும் அட்டைக்குழலை வைத்துப் பார்க்கலாம். அது கொஞ்சம் பெரியது, ஆகவே தப்பினாலும் பாதுகாப்புப் பக்கம்தான் தப்பும். பொம்மை வண்டியில் முதலில் கழன்று வருவது சக்கரமும் அதன் ரப்பர் வளையமும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு சக்கரத்தையும் இழுத்துப் பாருங்கள்.

பொத்தான் பேட்டரி இருக்கும் எதையும் உள்ளே விடாதீர்கள். வீட்டிலிருந்து பிள்ளை கையில் கொண்டுவரும் மினுமினுக்கும் கார்தான் வழக்கமான வழி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் என்றாலே நேராக மருத்துவமனைக்குத்தான், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சக்தி வாய்ந்த சிறு காந்த உருண்டைகளும் அதே பட்டியலில்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகப் பயம் நிஜக் காரைப் பார்த்துத்தான். வரிசை வீட்டுத் தாஸ்காவில் கார் நிறுத்தும் முன்பக்கம்தான் விளையாடுமிடமும். மாலையில் பெற்றோர் வந்து காரைப் பின்னெடுக்கும் நேரத்தில், குந்தியிருக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. காலையில் பிள்ளைகளை விடும்போதும் மாலையில் அழைத்துப்போகும்போதும் முன்பக்கத்தில் விளையாட்டே கிடையாது, கேட் பூட்டியிருக்கும் என்று விதி வையுங்கள். பெற்றோர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

எத்தனை பிள்ளைக்கு ஒரு டீச்சர் வேண்டும்?

1984ஆம் ஆண்டுத் தாஸ்கா சட்டத்தின் கீழுள்ள விதிப்படி ஒரு வயதுக்குக் கீழ் மூவருக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வரை பத்துப் பேருக்கு ஒருவர். தண்ணீரோ மணலோ வெளியே வந்தால் இந்தக் கணக்கு போதாது. ஒருவர் அந்த இடத்தைவிட்டு நகராமல் இருக்க வேண்டும். டயப்பர் மாற்ற இன்னொருவர்.

மணலும் தண்ணீரும் நம் ஊர் வெயிலில் சரிப்படுமா?

சரிப்படும், காலை பத்து மணிக்குள் முடித்துக்கொண்டால். மழைக்காலத்தில் மாலை நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்றுக் குறியீட்டைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவர வேண்டியதுதான்.

மணல் தொட்டிக்கு மூடி கட்டாயம். தாமான் (குடியிருப்புப் பகுதி) பூனைகளுக்கு அதைவிட வசதியான கழிவறை கிடையாது. பெரிய தொட்டி வைக்க இடமில்லையென்றால், துணி துவைக்கும் அகலமான தொட்டியில் கால்வாசி மணல் போதும். லேசாக நனைத்துவிட்டால் கண்ணில் பறக்காது, அள்ளிக் கொட்டினால் குவியலாக நிற்கும். சறுக்குப் பலகையை அதோடு சேர்த்து வைத்தால் லோரி இறங்கி நேராக மணலில் போய் நிற்கும். ஒரு காலை முழுக்க ஓடிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். வாளியில் சில சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தாலே சின்னப் பிள்ளை தலைகீழாக விழுந்து மூழ்க முடியும். விளையாட்டு முடிந்த உடனே கவிழ்த்துவிடுங்கள், ‘பிறகு பார்க்கலாம்’ வேண்டாம். லோரியின் பின்பெட்டி, பழைய டயர், மண்வாரியின் வாய் என்று தண்ணீர் தேங்கும் இடங்களையும் துடையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அவ்வளவு போதும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசு பறக்கும். டிங்கி காய்ச்சல் தடுப்புச் சோதனைக்கு வருபவர்கள் பொம்மையென்று பார்த்து விட்டுவிட மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: பெயிண்ட் அடிக்கும் அகலத் தூரிகையும் கொஞ்சம் தண்ணீரும் கொடுத்து, வெளிச்சுவருக்கு ‘பெயிண்ட்’ அடிக்க விடுவது. சுவர் கறுக்கும், வெயிலில் சில நிமிடத்தில் காய்ந்து வெளுக்கும், மறுபடி அடிப்பார்கள். கறையும் இல்லை, செலவும் இல்லை.

மணலுக்குப் பதில் அரிசி, பருப்பு போடலாமா?

வேண்டாம். பச்சைப்பயறும் கடலையும் மூக்கிலும் காதிலும் போகும், ஈரத்தில் ஊதும். அரிசியைக் காலால் மிதிப்பதைப் பார்த்தால் பாட்டிமார்களுக்கு மனசு கேட்காது, எனக்கும்தான். தேங்காய் நார்த்தூள் நர்சரிச் செடிக் கடையில் கட்டியாகக் கிடைக்கிறது. தண்ணீரில் ஊறவைத்தால் பொங்கி வரும், மண் மாதிரியே அள்ளலாம்.

எறிகிறான், இடிக்கிறான், அடுத்தவன் கட்டியதைத் தட்டிவிடுகிறான். என்ன செய்வது?

மூன்றும் வேறு வேறு. எறிகிற பிள்ளைக்குப் பொருள் காற்றில் போவதைப் பார்க்க வேண்டும். கட்டைக்குப் பதிலாகத் துணிப்பந்தும் ஒரு பெட்டியும் கொடுத்து, “இதுக்குள்ள போடு” என்று திருப்பிவிடலாம். இடிக்கிற பிள்ளைக்கு இடிக்கவென்றே கட்டிக்கொடுங்கள். அட்டைப்பெட்டிகளை உயரமாக அடுக்கி, “ஒண்ணு… ரெண்டு…” என்று நிறுத்தினால், ‘மூணு’ வரும்வரை காத்திருக்கப் பழகும். சில வாரம் கழித்து அதுவே அடுக்கத் தொடங்கும்.

அடுத்தவர் கட்டியதைத் தட்டுவதுதான் தலைவலி. பெரும்பாலும் இடம் பற்றாத குறை. கட்டும் மூலை நடமாடும் வழியில் இருந்தால் தட்டத்தான் செய்வார்கள். கட்டுகிறவர்களைச் சுவர் ஓரமாக நகர்த்தி, வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தரையில் டேப் ஒட்டி ரோடு போட்டுக்கொடுங்கள். திட்டுவதற்கு முன்னால் மேசையை நகர்த்திப் பாருங்கள்.

கடித்துவிட்டால்? கடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள். கடித்த பிள்ளை யாரென்று அடுத்த வீட்டாருக்குச் சொல்லத் தேவையில்லை.

பெண் பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை?

அந்தப் பக்கத்தை யார் ‘பையன்கள் மூலை’ என்று சொன்னார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் நாம்தான். கட்டைகளைச் சமையல் சாமான், பொம்மைகளுக்குப் பக்கத்தில் வையுங்கள், லோரி பாப்பாவையும் ஏற்றிப்போகும், வெங்காயத்தையும் ஏற்றிப்போகும். டீச்சர் ஒருவர் தரையில் உட்கார்ந்து மண் அள்ளினால் அடுத்த நிமிடம் எல்லாரும் அங்கேதான்.

எந்த மொழியில் பேசுவது? வீட்டில் தமிழ், வெளியே மலாய், தொலைபேசியில் ஆங்கிலம்…

தமிழ் வீட்டுப் பிள்ளையோடு தமிழில் பேசுங்கள். லோரி, பஸ், பொம்பா என்று ஊரார் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். ‘பாரந்தூக்கி’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த முறை கிரேன் என்றாலும் குடிமுழுகிப் போகாது. வாகனப் பெயரைவிட வினைச்சொற்கள்தான் முக்கியம்: ஏத்து, எறக்கு, தள்ளு, இழு, சாய், கவுத்து, நிறுத்து. கூடவே மேலே, அடியில், உள்ளே, பின்னாடி. அவன் செய்துகொண்டிருப்பதையே வாயால் சொல்லுங்கள்: “லோரி நிறைஞ்சிருச்சு… கவுத்திட்டியா?” கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு நின்றுவிடும்.

வெளியே எங்கே கூட்டிப்போகலாம்?

தூரம் வேண்டாம். குப்பை லோரி வரும் நாளில் கேட்டுக்கு உள்ளே நின்று பார்ப்பதே ஒரு சுற்றுலாதான்: பின்வாய் திறக்கும், தொட்டி தூக்கும், நசுக்கும். அந்த அண்ணன்மாருக்குக் கையசைத்தால் ஹாரன் அடிப்பார்கள், அன்று முழுக்க அதே பேச்சு. பக்கத்தில் வீடு புதுப்பிக்கும் வேலை நடந்தால் எதிர்ப்புறத்திலிருந்து, தூசி படாத தூரத்தில், ஐந்து நிமிடம். மறுநாளும் அதே இடம், அதற்கடுத்த வாரமும் அதே இடம், சுவர் உயர்ந்திருக்கும்.

மூன்று வயதுக்காரர்களைப் பெற்றோரே எல்.ஆர்.டி. நகர ரயிலில் கூட்டிப்போகலாம். கிளானா ஜெயா வழித்தடத்தில் ஓட்டுநர் இல்லை, முதல் பெட்டியின் முன்கண்ணாடி வழியாகத் தண்டவாளம் முழுக்கத் தெரியும். கூட்டமில்லாத நேரமாகப் பாருங்கள். திரும்பி வந்த பிறகு தாஸ்காவில் நாற்காலிகள் வரிசையாக நிற்கும், கதவு மூடும் சத்தத்தோடு. செந்தூலில் ரயில் பட்டறையில் வேலை பார்த்த தாத்தாக்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். ஒருவரை வரச்சொல்லி உட்காரவைத்தால் கதை சொல்லக்கூட வேண்டாம், அவர் பழைய ஸ்பேனரைப் பிடித்துக் காட்டினாலே போதும்.

தைப்பூசத் தேரைச் சேர்க்கலாமா?

தாராளமாக. சிறு பிள்ளைக்கு அது ஊரிலேயே பெரிய வண்டி. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டர் ஊர்ந்து போகிற வெள்ளி ரதத்தை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள், மறுவாரம் கிடைத்ததையெல்லாம் இழுப்பார்கள். சக்கரம் வைத்த பலகை மேல் ஓர் அட்டைப்பெட்டி, முன்னால் அகலமான துணிப்பட்டை. ‘இழு’ என்ற செயலுக்கு இதைவிட என்ன வேண்டும். பெட்டிக்குள் பொம்மையோ கரடியோ அவர்களே வைக்கட்டும், சாமி படம் வேண்டாம். மிதிபடும், மற்ற வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கயிறு கழுத்தில் சுற்றும் என்பதால் துணிப்பட்டையைக் குட்டையாக வைத்து, முடிந்ததும் எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

மண்வாரி ஓடும் காணொளி போட்டுக் காட்டினால்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. அந்த ஒரு மணி நேரம் வீட்டிலேயே முடிந்திருக்கும். தாஸ்காவில் தேவையில்லை.

“காலையெல்லாம் லோரிதான் ஓட்டினானா? எழுத்து எப்போது சொல்லித்தருவீர்கள்?”

மாதம் கட்டணம் கட்டுகிறவர் கேட்கத்தான் செய்வார், கோபப்படாதீர்கள். தத்துவம் பேசாமல் நடந்ததைச் சொல்லுங்கள்: “இன்னைக்கு மூணு கட்டை போதலைன்னு நாலாவது எடுத்துவந்து வெச்சான், பாலம் நின்னுச்சு.” நீளம் ஒப்பிடுவதும் எண்ணுவதும் அதில் இருக்கிறது என்று பெற்றோரே புரிந்துகொள்வார்கள். வாளி தூக்கிப் பழகிய கைதான் பின்னால் பென்சில் பிடிக்கும் என்பதையும் சொல்லலாம். வண்ணம் தீட்டிய கார் படத்தாள் ஒன்றைத் தினமும் பையில் வைத்து அனுப்பினால் இந்தக் கேள்வி வராதுதான். ஆனால் அந்தத் தாளில் பாதியை டீச்சர்தான் தீட்டியிருப்பார்.

சாமான்களை எப்படிக் கழுவுவது?

வாயில் வைத்த பொம்மையைப் போட ஒரு தனி வாளி வையுங்கள், அன்றே சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயட்டும். கை, கால், வாய்ப் புண் நோய் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், மரம், துணி, அட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கழுவி கிருமிநாசினி போடக்கூடிய பிளாஸ்டிக்கை மட்டும் வெளியே விடுங்கள். அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடலாம், மளிகைக் கடையில் வேறு கிடைக்கும்.

வீட்டுக்குப் போகும் நேரத்தில், கட்டியதைக் கலைக்கமாட்டேன் என்று அழுதால்?

கலைக்க வேண்டாம். ஓர் அலமாரித் தட்டையோ மூலையையோ ‘நாளைக்கும் இருக்கும்’ இடமாக ஒதுக்குங்கள், பிள்ளையின் படத்தை அருகில் ஒட்டுங்கள், மாலையில் கூட்டிப் பெருக்க வரும் அக்காவிடமும் சொல்லிவையுங்கள். மீதியை ஒழுங்குபடுத்தும் வேலையை விளையாட்டோடு சேர்த்துவிடலாம்: லோரியில் ஏற்றிக் கூடை வரை ஓட்டிவந்து கொட்டுவது. ஒன்றரை வயதுக்காரர்கள்தான் இதில் முதல் ஆள்.